தேதியா, மணியா, பறப்பா? விமானப் பரிசோதனையின் காலாவதி

அமெரிக்காவில் பதிவான சிறிய செஸ்னா விமானம் ஒன்றுக்கு ஆண்டுப் பரிசோதனை முடிந்து, 2025 மார்ச் 3-ஆம் தேதி லாக்புக்கில் கையெழுத்தாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பரிசோதனை எந்த நாள்வரை செல்லும்? 2026 மார்ச் 2 என்று பலர் சொல்வார்கள். மார்ச் 3 என்பவர்களும் உண்டு. சரியான விடை 2026 மார்ச் 31, நள்ளிரவு.

காரணம், அந்நாட்டு விமானப் போக்குவரத்து விதிகளில் 91.409 என்ற பிரிவு நாட்களை எண்ணுவதில்லை, நாட்காட்டி மாதங்களை எண்ணுகிறது. கையெழுத்து விழுந்த மாதம் எண்ணிக்கையில் சேராது. அடுத்த மாதத்திலிருந்து 12 முழு மாதங்கள் கிடைக்கும். மார்ச் 1-இல் கையெழுத்தானாலும் மார்ச் 31-இல் கையெழுத்தானாலும் முடிவு நாள் ஒன்றே. முன்னதற்கு ஏறத்தாழ 13 மாதம் கிடைக்கிறது, பின்னதற்கு 12 மட்டும். மார்ச் இறுதியில் கெடு முடியும் விமானத்தை அவசரப்பட்டு பிப்ரவரி 26-இல் முடித்து வாங்கினால், அடுத்த ஆண்டு பிப்ரவரி இறுதியிலேயே கெடு வந்துவிடும். ஒரு மாதம் வீண். மார்ச் 28-இல் பட்டறைக்குள் விட்டு ஏப்ரல் 4-இல் முடித்தால், ஏப்ரல் முதல் நான்கு நாள் விமானம் பறக்க முடியாது, ஆனால் அடுத்த கெடு ஏப்ரல் இறுதிக்குப் போய்விடும். வேலை தொடங்கிய நாளுக்கு இங்கே மதிப்பே இல்லை. கையெழுத்தின் நாள் மட்டுமே கணக்கு.

இதெல்லாம் தேர்வுக்குப் படிக்கும் மாணவ விமானி மனப்பாடம் செய்கிற சங்கதி. ஆனால் விமானப் பரிசோதனை எப்போது காலாவதியாகிறது என்ற கேள்வி அதோடு நின்றுவிடுவதில்லை. ஒரே விமானத்தின்மேல் நாள் கணக்கு, மணிக் கணக்கு, பறப்புக் கணக்கு என்று பல கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பாகத்துக்கு எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் உயிர்கள் அடங்கியிருக்கின்றன. கணக்கைச் சரியாகக் கூட்டியும் தவறான கணக்கைக் கூட்டியதால் விழுந்த விமானங்கள் இருக்கின்றன.

முதலில் ஆண்டுப் பரிசோதனையையே முடித்துவிடுவோம். இன்னொரு குழப்பம் அதில் உண்டு: பரிசோதனையில் குறை கண்டுபிடித்தால் என்ன ஆகும்? பரிசோதகர், குறைகளின் பட்டியலைத் தேதியிட்டுக் கையெழுத்திட்டு உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். பரிசோதனை நடந்ததாகவே பதிவாகும். விமானம்தான் பறக்கத் தகுதியற்றதாக நிற்கும். அந்தக் குறைகளைச் சரிசெய்து விமானத்தைச் சேவைக்குத் திருப்ப, ஆண்டுப் பரிசோதனை செய்யும் சிறப்பு அதிகாரம் பெற்றவர் வேண்டியதில்லை; உரிமம் பெற்ற மெக்கானிக் போதும். முழுப் பரிசோதனையையும் முதலிலிருந்து செய்யத் தேவையில்லை. இதை அறியாத உரிமையாளர்கள், ஒரே பட்டறையின் பிடியில் தாங்கள் சிக்கிவிட்டதாக எண்ணிக் கலங்குவதுண்டு.

அமெரிக்க விமானத்தில் மாட்டியிருக்கும் பறக்கும் தகுதிச் சான்றிதழில் காலாவதித் தேதி அச்சாகியிருக்காது. பராமரிப்பு விதிப்படி நடக்கும்வரை அது செல்லும் என்பதே அதன் நிபந்தனை. ஆகவே விமானத்தை வாடகைக்கு எடுக்கும் விமானி, காக்பிட்டில் சான்றிதழைப் பார்த்துத் திருப்திப்பட்டால் போதாது. லாக்புக்கைப் புரட்ட வேண்டும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஏற்பாடு வேறு. அங்கும் தகுதிச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. ஆனால் அதோடு, பறக்கும் தகுதி மறுஆய்வுச் சான்றிதழ் என்று இன்னொரு தாள் இருக்கிறது. சுருக்கமாக ஏஆர்சி என்பார்கள். ஓராண்டுக்குச் செல்லும் அந்தத் தாளில் தேதி பளிச்சென்று எழுதியிருக்கும். அதில் மாத இறுதிச் சலுகை கிடையாது, குறிப்பிட்ட நாள்தான். சாலை வண்டிகளுக்கு எஃப்.சி. தேதி இருப்பதுபோல என்று நம் வாசகர்கள் புரிந்துகொள்ளலாம்.

இரு முறைகளில் எது மேல்? எனக்கு ஐரோப்பிய முறையின் ஒரு கூறு பிடித்திருக்கிறது. அங்கே மறுஆய்வை 90 நாள்வரை முன்கூட்டியே செய்யலாம். செய்தாலும் பழைய சுற்றுத் தேதி மாறாது. முன்னதாக வந்தவருக்கு நஷ்டம் இல்லை. அமெரிக்க முறையிலோ முன்னதாக வருபவர் மாதத்தை இழக்கிறார். அதனால் மாதக் கடைசிவரை இழுத்துப் பிடித்து, அடுத்த மாத முதல் வாரத்தில் கையெழுத்து வாங்குவது பலருக்கும் வழக்கம். மனிதர்களைத் தாமதிக்கத் தூண்டும் விதியைவிட, முந்திக்கொள்ளத் தூண்டும் விதியே பாதுகாப்புக்கு உகந்தது.

கெடு முடிந்துவிட்டால் ஆண்டுப் பரிசோதனைக்குக் கருணை நாள் என்று எதுவும் இல்லை. விமானம் வேறோர் ஊரில் நின்றிருந்தால், பட்டறை இருக்கும் இடத்துக்கு ஓட்டிச் செல்ல அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

நூறு மணிப் பரிசோதனையின் கதை வேறு. கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றும் விமானத்துக்கும், பயிற்சியாளர் தானே கொடுத்து அதில் கட்டணப் பயிற்சி அளிக்கும் விமானத்துக்கும் இது கட்டாயம். இங்கே 10 மணி வரை மீறலாம். ஆனால் பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காக மட்டும். அப்படி மீறிய மணிகள் அடுத்த சுற்றில் கழிக்கப்படும். 100-இல் செய்ய வேண்டியதை 107-இல் செய்தால், அடுத்தது 207-இல் அல்ல, 200-இல். 90-இலேயே செய்துவிட்டாலோ அடுத்தது 190-இல். பள்ளிகளில் 10 மணியைப் பொதுச் சலுகையாக எண்ணி, இன்னும் இரண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்துவிட்டுப் பட்டறைக்கு அனுப்பும் பழக்கம் தலைதூக்கினால் அது நேரடி விதிமீறல்.

அந்த மணியை எதில் பார்ப்பது? விதியின் வரையறைப்படி சேவை நேரம் என்பது சக்கரம் தரையைவிட்டு எழும் கணத்திலிருந்து அடுத்த இடத்தில் தரை தொடும் கணம்வரை. நடைமுறையில் அதை யாரும் ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறிப்பதில்லை. சிறிய விமானங்களில் டேக்கோமீட்டர் ஒரு மணிக்கணக்கு காட்டும். அது இன்ஜினின் சுழற்சியைச் சார்ந்தது, மெதுவாகச் சுழன்றால் மெதுவாகவே ஏறும். ஹாப்ஸ் மீட்டர் இன்னொரு கணக்கு காட்டும். இன்ஜின் ஓடும் நேரம் முழுவதும், டாக்ஸி பாதையில் காத்திருக்கும்போதும்கூட, அது நேரத்தோடு நேராக ஓடும். ஆகவே பள்ளிகள் மாணவரிடம் ஹாப்ஸ் கணக்கில் பணம் வாங்கி, பராமரிப்பை டேக்கோ கணக்கில் செய்வது பரவலான வழக்கம். இதில் தவறில்லை. லாக்புக்கில் எந்த மீட்டர் என்று தெளிவாக எழுதாமல், ஒரு பதிவில் ஒன்றும் அடுத்ததில் மற்றதுமாகக் கலந்து வைப்பதுதான் தவறு. அப்படிக் கலந்த லாக்புக்கிலிருந்து அடுத்த கெடுவைக் கண்டுபிடிப்பது யாராலும் ஆகாது.

இவற்றோடு சில்லறைக் கணக்குகள் பல. டிரான்ஸ்பாண்டருக்கு 24 நாட்காட்டி மாதம். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறப்பதற்கு உயரமானிக்கும் அதே 24. விபத்தில் குறியனுப்பும் கருவிக்கு 12 மாதம். விஓஆர் வழிகாட்டிக் கருவிக்கோ 30 நாள். இங்கே மாதக் கணக்கு செல்லாது, நாளை எண்ணித்தான் தீர வேண்டும். குறிப்பிட்ட குறைகளுக்காக அரசு பிறப்பிக்கும் பறப்புத் தகுதி ஆணைகள் ஒவ்வொன்றும் தன் கெடுவைத் தானே சொல்லும்: அடுத்த பறப்புக்கு முன், 50 மணிக்குள், இத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று. நூறு மணிப் பரிசோதனையின் 10 மணிச் சலுகை அந்த ஆணைகளுக்குப் பொருந்தாது. ஆண்டுப் பரிசோதனை செல்லுபடியாகும் நிலையிலேயே ஒரு விமானம் சட்டப்படி பறக்கத் தகுதியற்றதாக நிற்க முடிவது இதனால்தான்.

பெரிய விமானங்களுக்கு வருவோம். பயணிகள் ஜெட் விமானத்தின் உடல், ஒவ்வொரு பறப்பிலும் உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்பட்டு விரிகிறது, இறங்கியதும் சுருங்குகிறது. உலோகம் களைத்துப்போவது காற்றில் இருந்த மணிகளால் அல்ல, விரிந்து சுருங்கிய தடவைகளால். சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரே மூச்சில் போகும் விமானத்துக்கும், அரை மணிக்கொரு தீவில் இறங்கி ஏறும் விமானத்துக்கும் மணிக்கணக்கு ஒன்றாக இருக்கலாம். உலோகத்தின் வயது ஒன்றாக இருக்காது.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அது நிரூபணமானது. அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737, ஹிலோவிலிருந்து ஹோனலூலுவுக்குப் போகையில் 24,000 அடி உயரத்தில் அதன் முன்பகுதிக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். விமானிகள் திறந்த கூரையோடு மாவுய் தீவில் தரையிறக்கியதால் மற்ற அனைவரும் உயிர் தப்பினர். அந்த விமானம் பறந்த நேரம் 35,496 மணிதான். பறப்புகளோ 89,680. உலகிலிருந்த 737-களில் அதைவிட அதிகப் பறப்பு கண்டது ஒன்றே ஒன்று. இதில் என் மனதை மிகவும் உறுத்துவது பரிசோதனைக் கெடு. பெரிய பரிசோதனையான டி செக்கை 20,000 மணிக்கு ஒருமுறை செய்யலாம் என்று போயிங் சொல்லியிருந்தது. அலோஹா 15,000 மணிக்கே செய்தது. காகிதத்தில் பார்த்தால் தயாரிப்பாளரைவிடக் கறாரான நிறுவனம். ஆனால் குட்டிப் பறப்புகளால் போயிங் எதிர்பார்த்ததைவிட இரட்டிப்பு வேகத்தில் பறப்புகள் சேர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பரிசோதனையையும் 52 துண்டுகளாக்கி, பல ஆண்டுகளில் பரப்பிச் செய்தார்கள். முழு உடலையும் ஒரே பார்வையில் யாரும் பார்க்கவில்லை. கடலோர உப்புக் காற்றும் ஒட்டுப் பிடிப்புகளை அரித்துக்கொண்டிருந்தது. மணிக்கணக்கில் எந்தக் கெடுவும் தவறாமலே கூரை பறந்தது. முதிய விமானங்களுக்கென்று அமெரிக்காவில் தனிச் சட்டம் 1991-இல் வந்தது. உலோகக் களைப்பைக் கணக்கிட்டு விமான ரகத்துக்கே வாழ்நாள் வரம்பு வைக்கச் சொல்லும் விதி 2010-இல்தான் வந்தது.

இன்னொன்று அதைவிட வேதனையானது. 2000 ஜனவரி 31 அன்று, மெக்சிகோவின் புவேர்டோ வயார்ட்டாவிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்டி-83 விமானம் கலிஃபோர்னியாக் கரையருகே பசிபிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 88 பேரும் இறந்தனர். வால்பகுதியின் கிடைமட்ட இறக்கையை மேலும் கீழும் நகர்த்தும் நீண்ட திருகு ஒன்று உண்டு. அதைச் சுற்றிய நட்டின் மரைகள் தேய்ந்து உரிந்துபோயிருந்தன. போதிய கிரீஸ் இல்லாமல் அளவுக்கு மீறித் தேய்ந்ததே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

அந்தத் திருகுக்குக் கிரீஸ் போடும் இடைவெளி எப்படி நீண்டது என்று பாருங்கள். 1994-இல் 1,600 மணிக்கு ஒருமுறை என்றிருந்தது. 1996-இல் அது 8 மாதத்துக்கு ஒருமுறை என்று மாறியது. மணி வரம்பு எதுவும் கூடவே வைக்கப்படவில்லை. நிறுவனத்தின் விமானங்கள் ஓய்வின்றிப் பறந்ததால் அந்த 8 மாதம் ஏறத்தாழ 2,550 மணி ஆயிற்று. திருகும் நட்டும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அளந்து பார்க்கும் சோதனையும் அப்படியே. 1985-இல் 5,000 மணிக்கு ஒருமுறை இருந்தது, 1996-இல் 30 மாதம் ஆகி, சுமார் 9,550 மணியைத் தொட்டது. 1997 செப்டம்பரில் அந்தச் சோதனை நடந்தபோது முதல் அளவு 0.040 அங்குலம், அதாவது அனுமதிக்கப்பட்ட எல்லையிலேயே நின்றது. நட்டை மாற்றத் திட்டமிட்டார்கள். மீண்டும் அளந்தபோது 0.033 வந்தது. விமானம் சேவைக்குப் போனது. அடுத்த அளவு எடுக்கும் நாள் வருவதற்குள் அது கடலில் கிடந்தது.

தேய்மானம் என்பது பறப்பதால் வருவது. அதை நாட்காட்டியில் எழுதினால், விமானம் அதிகம் பறக்கப் பறக்க ஒவ்வொரு மாதத்துக்குள்ளும் அதிகத் தேய்மானம் புகுந்துவிடுகிறது. வணிகம் நன்றாக நடக்கும் ஆண்டில்தான் ஆபத்து கூடும். இத்தனைக்கும் ஒழுங்குமுறை அமைப்பு அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. எந்தத் தேதியும் காலாவதியாகவில்லை என்று சொல்லக்கூடிய நிலையில் 88 பேர் இறந்ததை நினைத்தால், பராமரிப்பு அட்டவணைகளில் சிறு எழுத்தில் வரும் 'எது முதலில் வருகிறதோ அது' என்ற தொடரை நான் மிகுந்த மரியாதையோடு படிக்கிறேன். ஆறாயிரம் மணி, மூவாயிரம் பறப்பு, அல்லது இருபது மாதம், எது முதலோ அது என்று எழுதிவிட்டால் ஒரு கணக்கு ஏமாற்றினாலும் இன்னொன்று பிடித்துவிடும்.

எனில் எல்லாக் கெடுவையும் பாதியாகக் குறைத்துவிட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகுமா? ஆகாது. இரண்டாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிகளை வேட்டையாடிய பிரிட்டனின் கரையோர விமானப் படையில் உயிரியலாளர் சி.எச். வாடிங்டன் ஆய்வுப் பணியில் இருந்தார். லிபரேட்டர் விமானங்களுக்கு 50 மணிக்கு ஒருமுறை பரிசோதனை. பழுதுகளின் எண்ணிக்கையை வரைபடமாக்கிப் பார்த்தபோது, பரிசோதனை முடிந்த உடனே பழுதுகள் ஏறி, அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதை உண்டாக்கியது. இந்த ஆய்வைச் சொல்லும் அவருடைய நூல் 1973-இல்தான் அச்சானது.

1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நவ்லனும் ஹோவர்ட் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கை அதை விரித்துச் சொன்னது. அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் வயது ஏற ஏறப் பழுதாகும் தன்மை கொண்டவை 11 சதவீதம் மட்டுமே. 68 சதவீதம், புதிதாய் மாட்டிய உடனே பழுதாகும் வாய்ப்பு அதிகமுள்ளவை. பழைய முறைப்படி டிசி-8 விமானத்தில் 339 பாகங்களுக்குக் குறித்த காலத்தில் கழற்றிப் புதுப்பிக்கும் கெடு இருந்தது. புதிய சிந்தனையில் வந்த டிசி-10-இல் அது 7 பாகங்களாகச் சுருங்கியது. இன்றைய பராமரிப்புத் திட்டங்கள் எல்லாம் இந்தச் சிந்தனையின் வாரிசுகள். தேய்வது எது, களைப்பது எது, துருப்பிடிப்பது எது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தகுந்த கணக்கை வைப்பதுதான் இதன் உயிர். செலவைக் குறைக்கும் வழியாக மட்டும் இதைப் படித்தவர்கள், அலாஸ்காவின் திருகு போல உண்மையிலேயே தேயும் பாகத்துக்கும் அதே தளர்வைக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

பறக்காமல் நிற்பதற்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை 2020 உணர்த்தியது. பெருந்தொற்றில் ஆயிரக்கணக்கான விமானங்கள் வரிசை வரிசையாக நின்றன. மணியும் ஏறவில்லை, பறப்பும் ஏறவில்லை. ஜூலை மாதம் அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ ஓர் அவசர ஆணை பிறப்பித்தது: தொடர்ந்து 7 நாளோ அதற்கு மேலோ நின்றிருந்த 737 விமானங்களில், இன்ஜினிலிருந்து காற்றெடுக்கும் குழாயின் வால்வு துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பறக்க விட வேண்டும். நடுவானில் இரண்டு இன்ஜின்களும் சக்தி இழக்கும் அபாயம் அதில் இருந்தது. ஏழே நாள் நின்றால் பரிசோதனை தேவை என்பது பலரைத் திடுக்கிட வைத்தது. சிறிய விமானங்களை வைத்திருப்பவர்களுக்கு இது பழைய பாடம். லைகமிங் நிறுவனம் தன் இன்ஜின்களுக்கு 50 மணிக்கு ஒருமுறை, அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஆண்டுக்கு 20 மணி மட்டும் பறக்கும் விமானத்தில், நின்ற எண்ணெயில் சேரும் ஈரம் கேம்ஷாஃப்டைத் துருப்பிடிக்கச் செய்யும்.

நிற்கும் விமானத்தின் தாளும் காலாவதியாகும். 2025 நவம்பரில் ஏர் இந்தியாவின் ஏ320 ஒன்று, ஏஆர்சி முடிந்துபோன நிலையில் பயணிகளோடு எட்டுப் பறப்புகளை நடத்தியது. நிறுவனமே அதை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவிடம் தெரிவித்தது, விசாரணைக்கு உத்தரவானது. அந்த விமானம் இன்ஜின் மாற்றத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அது தரையில் நின்ற நாட்களில்தான் சான்றிதழ் காலாவதியானது. இன்ஜின் வேலை முடிந்ததும் விமானம் சேவைக்கு விடப்பட்டது. இன்ஜின் மாற்றியவர்களின் கவனம் முழுவதும் இன்ஜினில் இருந்திருக்கும். ஏஆர்சியைப் புதுப்பிப்பது அவர்களின் வேலை அல்ல. பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் கெடுவை நினைவூட்டப் பல கண்கள் உண்டு. ஹேங்கரில் நிற்கும் விமானத்துக்கு அந்தக் கண்கள் குறைவு. சில நாட்களுக்கு மேல் நின்ற எந்த விமானத்தையும் சேவைக்கு விடும் கையெழுத்துப் படிவத்திலேயே ஏஆர்சித் தேதியை எழுதும் கட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதை நிரப்பாமல் படிவம் முடியக்கூடாது என்பது என் கருத்து. கணினி எச்சரிக்கை அனுப்பும்தான். ஆனால் விமானத்தை விடுவிக்கும் பொறியாளர் தன் கையால் அந்தத் தேதியை எழுதினால், அது இன்றைக்கு முந்தைய தேதி என்பது அவர் கண்ணில் படாமல் போகாது.